கேள்வி – பதில்: எகிப்தை ஆராய்ந்தோர் விட்டுச்சென்ற தாள்கள்

எகிப்தில் கிடைத்த ரொசெட்டா கல்லின் பண்டைய எழுத்தைப் படித்தவர் யார் என்ற கேள்விக்குச் சென்ற இதழில் பதில் எழுதியபோது, பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் 1822 செப்டம்பரில் தம் கண்டுபிடிப்பை ஒரு கடிதத்தின் வடிவிலேயே உலகுக்கு அறிவித்தார் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரியைப் பற்றிக்கொண்டு சேலம் வட்டாரத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. அறிஞர்கள் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் இப்போது எங்கே இருக்கின்றன, அவற்றால் யாருக்கு என்ன பயன் என்பதே பெரும்பாலோர் கேட்டிருக்கும் கேள்வி. ஆகவே இந்த இதழ்ப் பக்கங்கள் முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அம்மா, நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்பவர்கள். எகிப்து மன்னன் துட்டன்காமனின் கல்லறையைக் கண்டவர் அதைப் பற்றித் தாமே நூல் எழுதிவிட்டார் என்று படித்தேன். நூல் இருக்கும்போது அவருடைய நாட்குறிப்பையும் அட்டைகளையும் கட்டிக்காக்க வேண்டிய தேவை என்ன? — வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: உங்கள் வீட்டுத் தறியிலிருந்தே தொடங்குகிறேன். ஜக்கார்டு பெட்டியில் ஏற்றும் அட்டைகள் தொலைந்துபோனாலும் நெய்து முடித்த சேலை பீரோவில் பத்திரமாக இருக்கும். ஆனால் அந்தப் பூ எந்த இழையை எந்த வரிசையில் தூக்கியதால் விழுந்தது என்பதைச் சேலையைப் பார்த்தே மீட்டெடுப்பது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியும். அச்சிட்ட நூல் அந்தச் சேலை என்றால், அகழாய்வுக் குறிப்புகள் அந்த அட்டைகள்.

அந்தக் கல்லறையைக் கண்ட ஹோவார்ட் கார்ட்டர் 1922 நவம்பர் 4 அன்று தம் நாட்குறிப்பில், கல்லறையின் முதல் படிகள் தென்பட்டன என்று ஒரே வரிதான் எழுதினார். அன்று தொடங்கிய வேலை பத்து ஆண்டுகள் நீடித்து, சிறியதும் பெரியதுமாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் வெளியே வந்தன. ஒவ்வொரு பொருளும் எந்த அறையில், எதன் மேல், எதன் அடியில் கிடந்தது என்பதையெல்லாம் கார்ட்டரும் ஆர்தர் மேசும் உடன் பணியாற்றியவர்களும் அட்டைகளில் கையால் எழுதி, படம் வரைந்து, அளவு குறித்துவைத்தார்கள். அத்தகைய அட்டைகள் மூவாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஹாரி பர்ட்டன் எடுத்த புகைப்படங்கள் ஆயிரத்தைத் தாண்டும். கார்ட்டர் பொது வாசகர்களுக்காக 1923, 1927, 1933 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று தொகுதிகளில் இவற்றில் ஒரு சிறு பங்குதான் இடம்பெற்றது. முழுமையான ஆய்வறிக்கையை எழுதி முடிக்காமலேயே அவர் 1939 மார்ச்சில் மறைந்தார். அவருடைய உடன்பிறந்தாளின் மகள் அந்தத் தாள்களை எகிப்தியல் ஆய்வுக்காக ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள கிரிஃபித் நிறுவனத்துக்குக் கொடுத்திராவிட்டால், கெய்ரோ அருங்காட்சியகத்துக்குப் போன பொருள்கள் மட்டும் எஞ்சியிருக்கும். அவை ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து கிடந்தன என்ற செய்தி மறைந்திருக்கும்.

அந்தச் செய்தியின் அருமைக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கல்லறையில் மணிவேலை செய்த காலணிகள் கிடைத்தன. மணிகள் கோத்த வரிசை கலையாமல் அப்படியே இருந்தது. ஆனால் மூவாயிரம் ஆண்டுகளில் நூல் இற்றுப்போயிருந்ததால், தொட்டவுடன் மணிகள் உதிர்ந்துவிடும் நிலை. உருக்கிய மெழுகை ஊற்றி, இறுகும்வரை காத்திருந்து, பிறகே எடுத்தார்கள். ஓவியம் தீட்டிய ஒரு பெட்டியில் ஆடைகளும் மணிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பிக் கிடந்தன. அந்த ஒரு பெட்டியைக் காலிசெய்ய மூன்று வாரங்கள் ஆயின. கண்ட நொடியில் எந்த நிற மணிக்குப் பக்கத்தில் எந்த நிற மணி இருந்தது என்பது அட்டையில் ஏறியிராவிட்டால், பின்னாளில் அதே வரிசையில் கோப்பதற்கு வேறு வழியே கிடையாது. நெய்யும் கைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. 1922 நவம்பர் 26 அன்று கல்லறையின் அடைத்த வாயிலில் இட்ட துளை வழியாக மெழுகுவத்தி வெளிச்சத்தில் உள்ளே பார்த்த கார்ட்டரிடம், ஏதாவது தெரிகிறதா என்று அகழாய்வுக்குப் பணம் கொடுத்த கார்னார்வன் பிரபு கேட்டார். "ஆம், அற்புதமான பொருள்கள்" என்று கார்ட்டர் சொன்னதாக 1923-ஆம் ஆண்டு நூல் கூறுகிறது. உலகம் முழுவதும் எடுத்தாளப்படுவது இந்த விடைதான். அவருடைய அகழாய்வு நாளேட்டிலோ, "ஆம், அற்புதமாக இருக்கிறது" என்ற பொருளில் எளிய ஒரு வாக்கியம் இருக்கிறது. வேறுபாடு சிறியது. நூலில் உள்ளது பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அச்சுக்குப் போகும் வழியில் ஒரு சொல்கூட மெருகேறும் என்றால், பெரிய செய்திகள் எவ்வளவு மெருகேறியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதற்காகவே ஆய்வாளர்கள் மூலத்தாளைத் தேடிப் போகிறார்கள்.

கேள்வி: இவற்றைப் பார்க்க இங்கிலாந்துக்குத்தான் போகவேண்டுமா? என் மகள் வரலாறு படிக்கிறாள். — வாசகி, ஏற்காடு

பதில்: வேண்டாம். மலையில் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் இடத்தில் நின்றாலே போதும். கார்ட்டரின் நாட்குறிப்புகளையும் அட்டைகளையும் பர்ட்டனின் படங்களையும் கிரிஃபித் நிறுவனம் கட்டணமின்றி இணையத்தில் வைத்திருக்கிறது. கையெழுத்தைப் படிக்க இயலாதவர்களுக்காகத் தட்டச்சு வடிவமும் உண்டு. எகிப்திய மொழி அகராதிக்காக 1897 முதல் பெர்லினில் எழுதப்பட்ட சுமார் பதினைந்து லட்சம் சொல்துண்டுகளும் படமெடுக்கப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. பிரமிடுகள் உள்ள கீசாவில் அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் ரைஸ்னர் நடத்திய அகழாய்வின் ஆவணங்களைப் பாஸ்டன் அருங்காட்சியகமும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் திறந்து வைத்திருக்கின்றன. உங்கள் மகள் முதலில் துட்டன்காமனின் ஏதேனும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதன் அட்டை, அதன் புகைப்படம், அன்றைய நாட்குறிப்பு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் படித்துப் பார்க்கட்டும்.

கேள்வி: ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த நம் தமிழறிஞர்களோடு எகிப்தியலாளர்களை ஒப்பிடலாமா? — ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அஸ்தம்பட்டி

பதில்: ஐயா, இந்தக் கேள்வியை நான் பல ஆண்டுகளாக மனத்தில் வைத்திருக்கிறேன். 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த நம் ஊர்க்காரர் சேலம் இராமசாமி முதலியார், தம்மைக் காணவந்த உ. வே. சாமிநாதையரிடம் என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் சொன்ன நீண்ட பட்டியல் அவருக்கு நிறைவளிக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டு, பின்னர் அதன் காகிதப் படி ஒன்றையும் கொடுத்தனுப்பினார். அதன் விளைவாகச் சிந்தாமணி 1887-இல் அச்சேறியதை நீங்கள் அறிவீர்கள். அதே 1880-இன் டிசம்பரில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற இருபத்தேழு வயது இளைஞர் பிரமிடுகளை அளப்பதற்காக எகிப்தில் முதன்முறை இறங்கினார். பெட்ரி 1853-இலும் ஐயர் 1855-இலும் பிறந்தவர்கள். ஐயர் 1942 ஏப்ரல் 28 அன்றும், பெட்ரி அதே ஆண்டு ஜூலை 28 அன்று ஜெருசலேமிலும் மறைந்தனர். ஒருவரை ஒருவர் அறியாத இந்த இருவரும், அழிந்துகொண்டிருந்தவற்றைக் காப்பதில் ஏறக்குறைய ஒரே அறுபத்திரண்டு ஆண்டுகளைச் செலவிட்டிருக்கிறார்கள்.

ஒற்றுமை ஆண்டுக் கணக்கோடு நின்றுவிடவில்லை. பெட்ரி கீசாவில் பாறையில் குடைந்த பழைய கல்லறை ஒன்றிலேயே தங்கி, வாரந்தோறும் வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் நீண்ட கடிதம் எழுதினார். என்ன தோண்டினார், யாருக்கு எவ்வளவு கூலி கொடுத்தார், என்ன சாப்பிட்டார், யாரோடு பிணங்கினார் என்பதெல்லாம் அவற்றில் இருக்கின்றன. அந்த நாளேட்டுக் கடிதங்கள் கிரிஃபித் நிறுவனத்தில் உள்ளன; குறிப்பேடுகள் லண்டனில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஐயரும் தமக்கு வந்த கடிதங்களைக் கட்டிக்காத்தவர்தான். அவை சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரில் இயங்கும் நூலகத்தில் இருக்கின்றன. எந்த மடத்தில் எந்த ஏடு இருந்தது, எந்தக் கவிராயர் வீட்டில் கேட்டு இல்லையென்றார்கள் என்பதை அறிய அவற்றைவிட நல்ல சான்று வேறில்லை.

இத்தகைய குறிப்புகள் எவ்வளவு காலம் கழித்துப் பயன்தரும் என்பதற்கும் பெட்ரியே எடுத்துக்காட்டு. நகாடா என்ற இடத்தில் 1894–95 பருவத்தில் அவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பழங்குழிகளைத் திறந்தார். பிறகு தொள்ளாயிரம் புதைகுழிகளுக்கு ஒவ்வோர் அட்டைத்துண்டு வைத்துக்கொண்டு, அவற்றில் கிடைத்த பானை வகைகளை ஒப்பிட்டு, துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கியே எது முந்தியது எது பிந்தியது என்ற வரிசையைக் கண்டறிந்தார். ஆண்டு எழுதப்படாத காலத்துக்கு முறைப்படி வரிசை வகுத்துத் தந்த அந்த உத்தியைத் தொல்லியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஆனால் அவருடைய நூலில் எல்லாக் குழிகளின் விவரமும் இல்லை. எலிஸ் பாம்கார்ட்டல் என்ற அறிஞர் பெட்ரியின் குறிப்பேடுகளைக் குழி குழியாகத் துருவி, விடுபட்டவற்றைத் தொகுத்து 1970-இல் வெளியிட்டார். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மண்ணில் அமர்ந்து பென்சிலால் எழுதியது அப்போதுதான் மற்றவர்கள் கைக்கு வந்தது.

கேள்வி: பெரியவர்களின் தனிக் கடிதங்களைத் திறந்து வைப்பதால் அவர்களுடைய பெயருக்கு இழுக்கு வராதா? — வாசகர், குகை, சேலம்

பதில்: வந்ததுண்டு. அதனால் கடிதங்களை மூடிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஷாம்போலியன் 1832-இல் நாற்பத்தொரு வயதில் இறந்தபோது அவருடைய கையெழுத்துப்படிகளில் சில காணாமற்போயின. அவரிடம் பயின்ற சல்வோலினி என்ற இளைஞர், ஆசிரியருக்காக எல்லோரோடும் சேர்ந்து வருந்தியபடியே, அடுத்தடுத்துத் தம் பெயரில் ஆய்வுகளை வெளியிட்டுப் புகழ் பெற்றார். 1838-இல் அவரும் இளவயதிலேயே இறந்த பிறகு, அவர் விட்டுச்சென்ற தாள்கள் விலைக்கு வந்தன. அவற்றில் ஷாம்போலியனின் கையெழுத்து இருந்தது. அண்ணன் ஷாம்போலியன்-ஃபிஜாக் அவற்றை மீட்டார். இன்று அவை பாரிசில் பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. தாள் பிழைத்திருந்ததால்தான் உழைப்பு உரியவரிடம் திரும்பியது. இறந்துபோன ஒரு மாணவரின் பெயர் கெட்டது என்று வருந்துவதா, இறந்துபோன ஆசிரியருக்கு நீதி கிடைத்தது என்று மகிழ்வதா என்றால் எனக்கு ஐயமே இல்லை.

கார்ட்டரைப் பற்றியும் அப்படி ஒரு கடிதம் 2022-இல் பொதுவெளிக்கு வந்தது. எகிப்திய இலக்கணத்தில் தலைசிறந்தவரான ஆலன் கார்டினருக்குக் கார்ட்டர் தாயத்து ஒன்றைக் கொடுத்திருந்தார்; அது துட்டன்காமன் கல்லறையிலிருந்து வந்ததன்று என்று உறுதியும் கூறியிருந்தார். 1934-இல் கார்டினர் அதைக் கெய்ரோ அருங்காட்சியகத்தின் ரெக்ஸ் எங்கல்பாக்கிடம் காட்டினார். அங்கே இருந்த கல்லறைத் தாயத்துகளோடு அது ஒரே அச்சில் வார்த்ததுபோல் பொருந்தவே, இது ஐயமின்றி அந்தக் கல்லறையிலிருந்து திருடப்பட்டது என்று எங்கல்பாக் எழுதிவிட்டார். இப்படிப்பட்ட இக்கட்டில் தாம் நிறுத்தப்பட்டதற்கு மிகவும் வருந்துவதாகக் கார்டினர் கார்ட்டருக்கு எழுதினார். தாயத்து யாரிடமிருந்து தமக்கு வந்தது என்பதை மட்டும் அவர் எங்கல்பாக்கிடம் சொல்லவில்லை. அட்டைகளை அவ்வளவு கண்ணும் கருத்துமாக எழுதிய அதே கார்ட்டர்தாம் இந்தத் தாயத்தைக் கொடுத்தவரும். இரண்டும் உண்மை, இரண்டையும் நமக்குச் சொன்னவை தாள்களே.

மூன்றாவது செய்தி இன்றும் தீராத பிணக்காக நீடிப்பது. நெஃபர்டிட்டி அரசியின் சிலையை 1912 டிசம்பர் 6 அன்று ஜெர்மானியத் தொல்லியலாளர் லுட்விக் போர்க்கார்ட் கண்டெடுத்தார். வருணிப்பதால் பயனில்லை, பார்க்கத்தான் வேண்டும் என்ற பொருளில் அன்று அவர் எழுதிவைத்த வரி புகழ்பெற்றது. கண்டெடுத்தவற்றை எகிப்தும் ஜெர்மனியும் பங்கிட்டுக்கொண்டது 1913 ஜனவரியில். அந்தப் பங்கீட்டின்போது உடனிருந்த ஜெர்மானியக் கீழைத்தேயக் கழகச் செயலாளர் 1924-இல் எழுதிவைத்த குறிப்பு, போர்க்கார்ட் சிலையைத் தம் நாட்டுக்கே பெற விரும்பி, அதன் உயர்வு எகிப்தியத் தரப்பின் அதிகாரிக்கு வெளிப்படாதபடி நடந்துகொண்டதாகக் கூறுகிறது. இக்குறிப்பு 2009-இல் செய்தியானது. பங்கீடு முறைப்படியே நடந்தது என்று பெர்லின் தரப்பு மறுக்கிறது. சிலை இன்னும் பெர்லினில்தான் இருக்கிறது. எகிப்து கேட்டுக்கொண்டே இருக்கிறது. நம் கோயில் திருமேனிகள் வெளிநாடுகளிலிருந்து திரும்பி வருவதற்குப் பழைய புகைப்படங்கள் சான்றாக நின்றதைக் கண்ட நமக்கு, ஒரு தாளின் வலிமை புதிதன்று.

கேள்வி: இந்த ஆவணங்களில் பெண்களும், மண் சுமந்த எகிப்தியர்களும் இருக்கிறார்களா? — கல்லூரி மாணவி, ஓமலூர்

பதில்: பெண்கள் இருக்கிறார்கள், தேடினால் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். லண்டனில் 1882-இல் எகிப்து அகழாய்வு நிதியம் தோன்றக் காரணமானவர் அமீலியா எட்வர்ட்ஸ். நிதி திரட்ட அவர் ஓயாமல் கடிதங்கள் எழுதினார். பெர்த்தா போர்ட்டர், ரோசலிண்ட் மோஸ் என்ற இருவர், எகிப்தின் ஒவ்வொரு கோயிலிலும் கல்லறையிலும் எந்தச் சுவரில் என்ன செதுக்கியிருக்கிறது, அதை யார் யார் எந்த நூலில், எந்தக் கையெழுத்துப்படியில் குறித்திருக்கிறார்கள் என்று தொகுத்தார்கள். முதல் தொகுதி 1927-இல் வந்தது. போர்ட்டர் எகிப்துக்குப் போனதே இல்லை. இங்கிலாந்தில் அமர்ந்து பிறருடைய நூல்களிலிருந்தும் குறிப்புகளிலிருந்தும் அந்த நாட்டைக் கட்டி எழுப்பினார். மோஸ் அம்மையார் நேரில் சென்று சரிபார்த்தார். நூறு வயதுக்குச் சில மாதங்களே இருக்கும்போது 1990-இல் மறைந்தார். இன்றும் எகிப்தியலாளர் ஒருவர் ஒரு கல்லறையைப் பற்றி எழுதத் தொடங்கினால் முதலில் கை நீட்டுவது இவர்களின் தொகுதிகளுக்குத்தான்.

இரண்டாவது பாதிக்கு இவ்வளவு மகிழ்ச்சியாகப் பதில் சொல்ல இயலவில்லை. கார்ட்டர் தம் நூலில் அகமது கெரிகர், காத் ஹசன், உசேன் அபு அவாத், உசேன் அகமது சயீத் என்ற நான்கு மேஸ்திரிகளுக்குப் பெயர் சொல்லி நன்றி கூறினார். மற்ற தொழிலாளர்களும், கூடை சுமந்த சிறுவர்களும் பர்ட்டனின் படங்களில் நிற்கிறார்கள். எந்த முகம் எந்தப் பெயருக்கு உரியது என்பது எழுதப்படவில்லை. ஆங்கிலேயர் ஒவ்வொருவருக்கும் தனிப்பெட்டி ஆவணம் இருக்க, படத்தில் பாதிப்பேருக்கு மேல் பெயரின்றி நிற்பதை என்னால் அமைதியாகப் பார்க்க முடிவதில்லை.

ஆனால் ஒரு நல்ல செய்தி உண்டு. மேல் எகிப்தின் குஃப்த் ஊர்க்காரர்கள் 1890-களில் பெட்ரியிடம் பயிற்சி பெற்று, தலைமுறை தலைமுறையாக அகழாய்வையே தொழிலாகக் கொண்டவர்கள். ரைஸ்னரிடம் மேஸ்திரிகளாக இருந்த குஃப்தியர் 1913 முதல் 1947 வரை, அன்றன்று நடந்த வேலையை அரபு மொழியில் நாட்குறிப்பாக எழுதிவந்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட அந்த ஏடுகள் வழித்தோன்றல்களின் வீட்டில் பாதுகாக்கப்பட்டு, அண்மைக் காலத்தில்தான் ஆய்வாளர்களின் கைக்கு வந்தன. ஆங்கில நாட்குறிப்பும் அரபு நாட்குறிப்பும் ஒரே நாளைச் சொல்லும்போது இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வாய்ப்பு இப்போது இருக்கிறது. உங்களைப் போன்ற மாணவியர் அரபு கற்றால் செய்வதற்கு வேலை நிறையக் கிடக்கிறது.

கேள்வி: எங்கள் மளிகைக் கடையில் ஏற்காட்டு மிளகு விற்கிறோம். எகிப்து ஆய்வில் தமிழருக்கு இடம் உண்டா? — வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: உண்டு, மிளகாலேயே உண்டு. செங்கடல் கரையிலுள்ள பெரனீகே என்ற பழைய துறைமுகத்தில், கோயில் தரையில் பதித்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோவுக்கும் சற்று மேற்பட்ட மிளகு கிடைத்தது. அதே ஊரில் 1995-இல் கிடைத்த ஓட்டுத்துண்டில் கொறபூமான் என்ற பெயர் தமிழ் பிராமி எழுத்தில் இருந்தது. இன்னொரு துறைமுகமான குசைர் அல்-கதீமில் கணன், சாதன் என்ற பெயர்களும், பின்னர் ஓர் ஓட்டின் இரு பக்கமும் "பானை ஒறி" என்ற சொற்களும் கிடைத்தன. ஐராவதம் மகாதேவன் அவற்றைப் படித்துச் சொன்னார். ஒறி என்பது நம் வீட்டு உறிதான். இந்த ஓட்டுத்துண்டு எந்தக் குழியில், எந்த அடுக்கில், எந்தக் காசோடும் எந்த ரோமானியச் சாடியோடும் கிடந்தது என்று அகழாய்வாளர் குறித்துவைத்ததால்தான் அதை ஈராயிரம் ஆண்டுப் பழமையானது என்று துணிந்து கூற முடிகிறது. ஒரு சந்தையில் கைமாறி வந்த ஓடாக இருந்திருந்தால், எழுத்து எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது எகிப்தில் கிடைத்தது என்பதையே யாரும் ஏற்றிருக்கமாட்டார்கள்.

கேள்வி: நம் மலையில் இப்படிப்பட்ட அறிஞர் யாரேனும் இருந்தாரா? — வாசகர், ஏற்காடு

பதில்: நீங்கள் அடிக்கடி கடந்துபோகும் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். 1863 மே மாதம் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்த இராபர்ட் புரூஸ் ஃபுட் தம் பிற்காலத்தில் ஏற்காட்டில்தான் வாழ்ந்தார். ஆயிரக்கணக்கான கற்கருவிகளையும் பானையோடுகளையும் அவர் வெறுமனே சேர்த்துவைக்கவில்லை. எந்த ஊரில் எந்த இடத்தில் எடுத்தது என்பதையும் எழுதிவைத்தார். அத்தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் வாங்கியது. அவர் 1912-இல் மறைந்த பின் 1914-இலும் 1916-இலும் அவருடைய பட்டியலும் குறிப்புகளும் அச்சாயின. பெட்ரி நைல் கரையில் செய்துகொண்டிருந்த வேலையை அதே காலத்தில் இவர் நம் மண்ணில் செய்துகொண்டிருந்தார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துச்சென்று சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

கேள்வி: என் தாத்தா பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் பழைய கடிதங்களும், ஆறகளூர்ப் பக்கத்துக் கல்வெட்டுகளைப் பென்சிலால் பார்த்து எழுதிய நோட்டுகளும் இருக்கின்றன. ஒரு கடிதத்தில் வயல் வரப்பில் கிடக்கும் எழுத்துள்ள கல் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். இவற்றை என்ன செய்வது? — வாசகர், தலைவாசல்

பதில்: முதலில், ஒன்றையும் எறிய வேண்டாம். இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு வரலாறு கற்பித்த ஆசிரியர் சேர்வராயன் மலையடிவார ஊர்களில் நடுகற்களைத் தேடி நடந்து, ஒவ்வொன்றையும் படம் வரைந்து, ஊர்ப் பெரியவர்கள் சொன்ன கதையையும் சேர்த்து நோட்டுகளில் எழுதிவந்தார். அவர் மறைந்து சில மாதங்கள் கழித்து நான் கேட்கப் போனபோது, வீடு மாற்றும் அவசரத்தில் அவை பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன என்று தெரிந்தது. கடைக்கு ஓடினேன், கட்டுகள் அதற்கு முன்பே ஆலைக்குப் போயிருந்தன. அந்தக் கற்களில் சில இன்று இடத்திலும் இல்லை, தாளிலும் இல்லை.

எகிப்தில் இதற்கு எதிரான நிலையைக் காணலாம். ராபர்ட் ஹே என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1820-களிலும் 30-களிலும் ஓவியர்களை உடன் வைத்துக்கொண்டு வரைந்த படங்களும் படிகளும் நாற்பத்தொன்பது தொகுதிகளாக பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சுவரே போய்விட்ட இடங்களுக்கு இன்று அத்தகைய தாள்கள்தாம் சுவர். உங்கள் தாத்தாவின் பென்சில் எழுத்தில் பிழைகள் இருக்கலாம். ஆனால் அவர் பார்த்த நாளில் கல்லில் இருந்து பிற்பாடு தேய்ந்துபோன ஓர் எழுத்தும் அதில் இருக்கலாம்.

செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். எதை எடுத்தாலும் பெட்டியில் அது இருந்த வரிசையை மாற்றாதீர்கள். எந்தக் கடிதம் எந்த நோட்டுக்குள் செருகியிருந்தது என்பதே ஒரு செய்தி. துருப்பிடித்த குண்டூசியையும் கிளிப்பையும் மெல்லக் கழற்றுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளையே தின்றுவிடும். தலைவாசல் வெயிலில் நேராகக் காயவைக்கவும் வேண்டாம். நிழலில் காற்றாட விரித்து, மென்மையான தூரிகையால் தூசு தட்டி, சலவை செய்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, தரையிலிருந்து உயரமான இடத்தில் வையுங்கள். வசம்பையும் வேப்பிலையையும் துணிக்கு வெளியே தனி முடிச்சாகக் கட்டிவைக்கலாம். தாளின் மேல் தூவக்கூடாது. உறைகளையும் சேர்த்து வையுங்கள், ஏனெனில் தேதியில்லாத கடிதத்துக்கு அஞ்சல் முத்திரைதான் தேதி. ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். புகைப்படங்கள் இருந்தால், அவற்றில் உள்ளவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பாட்டியோ பெரியப்பாவோ இருக்கும்போதே கேட்டுத் தனித்தாளில் பெயர்களை எழுதிவிடுங்கள். ஓமலூர் மாணவிக்கு நான் சொன்ன பதில் உங்களுக்கும் பொருந்தும். பின்னர் கொடுக்க மனம் வந்தால், சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள். கொடுக்கும்போது பட்டியல் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டு, ஒரு படியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வரப்புக் கல்லைப் பற்றித் தாத்தா எழுதிய கடிதத்தின் தேதி, வயலின் பெயர், பக்கத்தில் குறிப்பிட்டிருக்கும் கிணறு அல்லது மரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பாருங்கள். கல்லை நகர்த்தவோ சுண்ணாம்போ எண்ணெயோ பூசவோ வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் நான்கு பக்கமும் படமெடுத்து, கல் இன்னும் அங்கேதான் இருக்கிறதா, எத்தனை வரிகள் தெரிகின்றன என்பதை எனக்கு எழுதுங்கள். தாத்தாவின் படியோடு ஒப்பிட்டு அடுத்த இதழில் சேர்ந்து படிப்போம்.